கதவு முதலில், கணினி பிறகு: டார்ட்மத் கல்லூரியின் நாற்பது ஆண்டுகள்

கல்லூரி ஒன்றின் கணினி வசதியைப் பற்றிப் பேச்செடுத்தால் எண்ணிக்கைதான் முதலில் வரும். எத்தனை கணினிகள், எந்த ஆண்டு வாங்கியவை, இணைய வேகம் எவ்வளவு, அறையில் குளிர்சாதனம் உண்டா. தர மதிப்பீட்டுக் குழு கேட்பதும் இவற்றைத்தான். சேர்க்கைக் கையேட்டில் அச்சாவதும் இவைதான். யார், எந்த நேரத்தில், யாருடைய அனுமதியோடு அந்தக் கணினியின் முன் உட்கார முடியும் என்ற கேள்வியை நிர்வாகச் சில்லறையாகக் கருதி ஆய்வகப் பொறுப்பாளரின் மனப்போக்குக்கு விட்டுவிடுகிறோம். இந்த வரிசை தலைகீழானது என்பது என் வாதம். ஒரு கல்லூரியின் கணினி வசதி எத்தகையது என்பதை நுழைவு விதியே முடிவு செய்கிறது; யந்திரம் அந்த விதிக்குப் பொருந்த வாங்கப்பட வேண்டிய பொருள். விதி செம்மையாக இருக்குமிடத்தில் இரண்டாந்தர யந்திரம்கூட ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்துவிடும். இதற்கு என் பார்வையில் மிக வலுவான சான்று, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹானோவர் என்ற சிற்றூரில் உள்ள டார்ட்மத் கல்லூரி. 1769-இல் நிறுவப்பட்டது. 1960-களில் அங்கே ஏறத்தாழ 3,000 இளங்கலை மாணவர்கள் படித்தார்கள். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்ன இடம்.

1950-களின் நடுவில் டார்ட்மத்தில் கணினியே கிடையாது. கணிதத் துறையை நடத்திய ஜான் கெமெனி, புடாபெஸ்டில் 1926-இல் பிறந்து 1940-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர். மாணவராக இருந்தபோதே லாஸ் அலமோஸ் அணுகுண்டுத் திட்டத்தின் கணக்கீட்டுப் பிரிவில் வேலை பார்த்தார். பின்னர் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராக இருந்தார். 1956-இல் அவருடைய துறையில் புள்ளியியலாளர் தாமஸ் கர்ட்ஸ் சேர்ந்தார். கணக்குப் போட வேண்டுமென்றால் கர்ட்ஸ், துளை அட்டைகள் அடங்கிய எஃகுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவார். 200 கிலோமீட்டருக்கு அப்பால் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியில் அட்டைகளை ஒப்படைத்து, விடைத்தாளை வாங்கிக்கொண்டு மாலையில் திரும்புவார். நிரலில் ஒரு காற்புள்ளி பிசகியிருந்தால் விடைக்குப் பதிலாகப் பிழைச் செய்தி வரும். திருத்தத்தை அடுத்த பயணத்தில்தான் சோதிக்க முடியும். கணினி வளாகத்திலேயே இருந்த பெரிய பல்கலைக்கழகங்களிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. அட்டைக் கட்டைச் சாளரத்தில் கொடுக்க வேண்டும். இயக்குநர் அதைத் தன் வரிசையில் சேர்ப்பார். விடை சில மணி நேரத்திலோ மறுநாளோ வரும். கணினியின் ஒரு மணி நேரம் மனிதனின் ஒரு மணி நேரத்தைவிடப் பல மடங்கு விலை உயர்ந்தது என்ற கணக்கிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. யந்திரம் சும்மா இருக்கக் கூடாது, மனிதன் காத்திருக்கலாம். ஆராய்ச்சியாளருக்கு இது எரிச்சல். கற்றுக்கொள்ள வரும் பத்தொன்பது வயது மாணவனுக்கோ மூடிய கதவு. தவறு செய்து, உடனே பார்த்து, திருத்தி மறுபடி முயல்வதுதான் நிரலெழுதக் கற்கும் வழி. தவறுக்கும் அது தெரிய வருவதற்கும் இடையே ஒரு நாள் விழுந்தால் அந்த வழி அறுந்துவிடும்.

1959-இல் கல்லூரி எல்.ஜி.பி.-30 என்ற சிறிய கணினியை வாங்கியது. சுழலும் காந்த உருளையில் 4,096 சொற்களை வைத்திருக்கும், மேசை அளவிலான யந்திரம். அன்றைய அளவுகோலிலும் எளியது. அதை இளங்கலை மாணவர்களிடமே விட்டார்கள். அந்த எளிய யந்திரத்துக்கு ஆல்கால் மொழியின் கம்பைலர் ஒன்றை மாணவர்கள் சிலர் சேர்ந்து எழுதி முடித்தார்கள். அடுத்து, சிறிய நிரல்களை உடனுக்குடன் மொழிபெயர்த்து ஓட்டும் ஸ்கால்ப் என்ற வடிவத்தையும் செய்தார்கள். மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து பயன்படுத்தினார்கள். பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இந்தக் கட்டமே விதை. இளங்கலை மாணவர்களை நம்பி அமைப்பு மென்பொருளை ஒப்படைக்கலாம் என்பது இங்கே தெரிந்தது. காத்திருக்கும் நேரம் நிமிடக் கணக்குக்கு இறங்கினால் கூட்டம் தானாக வரும் என்பதும் தெரிந்தது. சின்னக் கல்லூரிகள் தங்கள் பழைய, எளிய கருவிகளை வெட்கத்தோடு பார்ப்பதுண்டு. எல்.ஜி.பி.-30 இல்லாமல் டார்ட்மத் நேரே பெரிய யந்திரத்துக்குப் போயிருந்தால், அதை எதற்காக வாங்குகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

1960-களின் தொடக்கத்தில் கெமெனியும் கர்ட்ஸும் எடுத்த முடிவின் அடிப்படை, மாணவர்களைப் பற்றிய எளிய கணக்கு ஒன்று. டார்ட்மத் மாணவர்களில் ஏறத்தாழ கால் பங்கினரே அறிவியலிலும் பொறியியலிலும் சிறப்புப் பாடம் எடுத்தவர்கள். மற்ற முக்கால் பங்கினர் வரலாறு, இலக்கியம், பொருளாதாரம், அரசியல் படித்தவர்கள்; நாளைக்கு நிறுவனங்களையும் அரசுத் துறைகளையும் நடத்தப்போகிறவர்களும் அவர்களே. கணினி பற்றிய முடிவுகளை எடுக்கும் நாற்காலிகளில் அதைத் தொட்டே பார்க்காதவர்கள் உட்காருவார்கள் என்பது இருவரையும் உறுத்தியது. ஆகவே கணினி எல்லா மாணவர்களுக்கும் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எப்படி வழங்குவது என்பதற்கு அவர்கள் கையிலெடுத்த முன்மாதிரி, திறந்த அடுக்குகள் கொண்ட நூலகம். நல்ல கல்லூரி நூலகத்தில் மாணவன் எதற்காகப் புத்தகம் எடுக்கிறான் என்று யாரும் விசாரிப்பதில்லை; பக்கத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பதுமில்லை; செலவு முழுவதையும் கல்லூரி பொதுக் கணக்கில் ஏற்கிறது. கணினியும் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். இந்த விதியை அவர்கள் வகுத்தபோது அதற்குப் பொருந்தும் யந்திரம் கல்லூரியில் இல்லை. சந்தையில் தயாராகவும் கிடைக்கவில்லை. முன்பு டார்ட்மத்தில் பாடம் நடத்தி, பிறகு மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் போன ஜான் மெக்கார்த்தி, நேரப்பகிர்வு முறையை முயன்று பாருங்கள் என்று கர்ட்ஸிடம் சொல்லியிருந்தார். விதியை நிறைவேற்றக்கூடிய தொழில்நுட்பம் அது ஒன்றே என்று கண்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

நேரப்பகிர்வு வேலை செய்யும் விதத்தைப் பந்தி பரிமாறுவதை நினைத்துப் புரிந்துகொள்ளலாம். முப்பது இலைகளுக்கு ஒருவரே பரிமாறினாலும் கை வேகமாக ஓடினால் உண்பவர் யாரும் காத்திருப்பதாக உணர்வதில்லை. ஒரு கவளம் உள்ளே போவதற்குள் அவர் திரும்பி வந்துவிடுகிறார். மனிதன் தட்டச்சுச் செய்யும் வேகம் கணினிக்கு நத்தை வேகம். ஆகவே ஒரே கணினி தன் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கி முப்பது பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் கணினி தனக்கே வாய்த்ததாகத் தோன்றும். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மானியத்துக்கு விண்ணப்பித்தபோது, இளங்கலை மாணவர்களை வைத்து இத்தகைய அமைப்பை எழுத முடியுமா என்று மதிப்பீட்டாளர்கள் ஐயப்பட்டார்கள். மானியம் எப்படியோ வந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஜி.இ.-225 கணினியும், தகவல்தொடர்புக்கென்று செய்யப்பட்ட டேட்டாநெட்-30 என்ற துணைக் கணினியும் 1964-இன் தொடக்கத்தில் வந்து சேர்ந்தன. இரண்டுமே அந்தக் காலத்தின் முதல்தர யந்திரங்கள் அல்ல. ஆனால் அவற்றைச் சேர்த்த விதத்தில் ஒரு கூர்மை இருந்தது. சின்ன யந்திரமான டேட்டாநெட்-30 மேலாளராக இருந்து எல்லா டெலிடைப் (தட்டச்சுப் பொறி போன்ற முனையம்) இணைப்புகளையும் கவனித்தது. தட்டச்சாகி வரும் ஒவ்வொரு வரியையும் வாங்கி வைத்தது. ஒருவர் ஓட்டச் சொல்லி ஆணையிட்டால் மட்டும் பெரிய யந்திரத்தைத் தட்டி எழுப்பியது. இரண்டு யந்திரங்களுக்கும் நடுவில் ஒரு பொது வட்டு. எண்ணோடு தொடங்கும் வரி நிரலின் பகுதி, எண் இல்லாமல் தொடங்கினால் அது ஆணை என்ற சின்ன ஏற்பாட்டால், புதிதாக வருபவர் கற்க வேண்டிய சடங்குகள் குறைந்தன. இந்த மென்பொருளை எழுதியவர்களில் முன்னின்ற மைக்கேல் புஷ், ஜான் மெக்கீச்சி இருவரும் இளங்கலை மாணவர்கள்.

1964 மே 1 அதிகாலை 4 மணிக்கு, கல்லூரிக் கட்டடம் ஒன்றின் நிலவறையில் இரண்டு டெலிடைப்களிலிருந்து இரண்டு பேசிக் நிரல்கள் ஒரே வேளையில் ஓடிச் சரியான விடை தந்தன. பேசிக், கெமெனியும் கர்ட்ஸும் இந்த முக்கால் பங்கு மாணவர்களுக்காகவே வடிவமைத்த மொழி. தொடக்கத்தில் அதிலிருந்த கூற்று வகைகள் பதினைந்துக்குள் அடங்கும். முதலாண்டுக் கணிதப் பாடத்தோடு அதை இணைத்தார்கள். தனிப் பாடத்தாள் கிடையாது. இரண்டு மூன்று விரிவுரைகள் கேட்டபின் மாணவன் டெலிடைப்பின் முன் உட்கார்ந்து சில பயிற்சி நிரல்களை எழுதி முடிக்க வேண்டும். அவற்றைத் திருத்தும் வேலையையும் கணினியிடமே கொடுத்திருந்தார்கள். இதில் கவனிக்க வேண்டிய அம்சம், மொழியும் இயங்குதளமும் பாடத்திட்டமும் ஒரே விதியிலிருந்து கிளைத்தவை என்பது. அந்த ஆண்டுகளில் பிற இடங்களில் மொழியை ஒரு குழு செய்தது, யந்திரத்தை இன்னொருவர் வாங்கினார், பாடத்தை வேறொரு துறை தீர்மானித்தது. டார்ட்மத்தில் வாசலில் நிற்கும் அனுபவமற்ற மாணவனை மனத்தில் வைத்து மூன்றும் செய்யப்பட்டன.

விளைவை எண்களில் பார்க்கலாம். 1967-68 கல்வியாண்டில் டார்ட்மத்தில் 2,600 பேர் அமைப்பைப் பயன்படுத்தினார்கள். வெளியே 10 பல்கலைக்கழகங்களிலும் 23 உயர்நிலைப் பள்ளிகளிலும் சேர்த்து 5,550 பேர். 1970-களின் தொடக்கத்தில் வளாகத்தின் 25 கட்டடங்களில் 150-க்கு மேற்பட்ட முனையங்கள் இருந்தன. கல்லூரி மருத்துவமனையில் படுத்திருப்பவருக்குக்கூட நகர்த்தக்கூடிய முனையம் உண்டு. மாணவர்களில் 80 சதவீதமும் ஆசிரியர்களில் 70 சதவீதமும் ஆண்டில் ஒருமுறையாவது பயன்படுத்தினார்கள். கணினித் துறை என்று ஒன்றே தனியாக இல்லாத காலத்தில், சமூகவியல் மாணவர்கள் கருத்தாய்வுத் தரவுகளைத் தாங்களே அலசினார்கள். கெமெனி தம் நூலொன்றில் ஓர் ஒப்பீடு தருகிறார்: 1945-இல் லாஸ் அலமோஸில் இருபது பேர் ஓராண்டு முழுவதும் இரவு பகலாக யந்திரங்களை வைத்துப் போட்ட கணக்குகளை, டார்ட்மத் இளங்கலை மாணவன் ஒருவன் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவான், அதே நேரத்தில் வேறு நூறு பேரும் அந்தக் கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

இலவசமாகவும் கேள்வியின்றியும் திறந்துவிட்டால் விளையாட்டில் வீணாகும் என்பது இதற்கு எழும் முதல் ஆட்சேபம். வீணானது உண்மை. டார்ட்மத் வட்டில் விளையாட்டு நிரல்கள் நிறைந்து கிடந்தன. 1965-இல் டார்ட்மத் பிரின்ஸ்டனைத் தோற்கடித்த கால்பந்தாட்டத்தையொட்டி அமெரிக்கக் கால்பந்து விளையாட்டு ஒன்றைக் கெமெனியே எழுதினார். துறைத் தலைவர் விளையாட்டு எழுதும் இடத்தில் மாணவரைத் தடுப்பது யார்? ஆனால் இந்த ஆட்சேபம், எது படிப்பு எது விளையாட்டு என்று வாசலிலேயே பிரித்துவிட முடியும் என்று நம்புகிறது. பயத்தைப் போக்கியதும் முதல் நிரலை எழுதத் தூண்டியதும் பலருக்கு விளையாட்டுத்தான் என்று அமைப்பை நடத்தியவர்கள் கருதினார்கள். அப்படிக் கருதாவிட்டாலும் கணக்கு அவர்கள் பக்கமே நிற்கிறது: ஒவ்வொரு பயன்பாட்டையும் விசாரித்து அனுமதிக்க ஆளும் படிவமும் வேண்டும், அந்தச் செலவு நின்றுபோவதில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, விசாரணைக்குக் கூசி வராமலே போகும் மாணவன். எந்தப் பேரேட்டிலும் அவன் பெயர் ஏறாது.

இதெல்லாம் பணக்காரக் கல்லூரியின் கதை, மானியமும் சலுகை விலையும் கிடைத்தவர்களுக்குக் கதவைத் திறப்பது எளிது என்பது அடுத்த ஆட்சேபம். இதை லேசாகத் தள்ள முடியாது. டார்ட்மத் ஏழைக் கல்லூரியாக ஒருநாளும் இருந்ததில்லை. 1966 டிசம்பரில் அதன் கணினிக்கென்று ஒரு தனிக் கட்டடமே எழுந்தது; ஒமாஹாவின் பெரும் ஒப்பந்ததாரர் பீட்டர் கீவிட் அளித்த நன்கொடையால் அவர் பெயரைப் பெற்றது. ஆனால் பணமே காரணமென்றால், அதைவிடப் பணமும் யந்திரமும் இருந்த இடங்களில் இது முதலில் நடந்திருக்க வேண்டும். மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961-லேயே நேரப்பகிர்வைச் செய்து காட்டிவிட்டது. தொழில்நுட்பத்தில் அவர்களே முன்னோடிகள். ஆனால் அது ஆராய்ச்சியாளர்களின் கருவியாக வளர்ந்தது. முதலாண்டு வரலாற்று மாணவனை எதிர்பார்த்து யாரும் அதைச் செய்யவில்லை. செலவைப் பொறுத்தவரை, அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசனைக் குழுவுக்காக ஜான் பியர்ஸ் தலைமையில் 1967-இல் வெளிவந்த உயர்கல்விக் கணினி அறிக்கை, மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 60 டாலர் என்று மதிப்பிட்டு, நூலகத்துக்குக் கல்லூரிகள் செய்யும் செலவோடு அதை ஒப்பிட்டது. நூலகத்தைத் தாங்கும் கல்லூரி கணினியையும் தாங்கும் என்பது அதன் பொருள். எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. ஆராய்ச்சிக் கருவி என்ற தலைப்பில் எழுதினால் அது ஆடம்பரம்; நூலகம் என்ற தலைப்பில் எழுதினால் அடிப்படைச் செலவு.

சின்னக் கல்லூரி சொந்தமாக யந்திரம் வாங்கியே ஆக வேண்டும் என்பதையும் டார்ட்மத் அனுபவம் மறுக்கிறது. பேட்ஸ், மிடில்பரி, மவுண்ட் ஹோலியோக் போன்ற சிறு கல்லூரிகள் தொலைபேசி இணைப்பும் டெலிடைப்பும் வைத்துக்கொண்டு ஹானோவரில் இருந்த யந்திரத்தைப் பயன்படுத்தின. 1970-களின் தொடக்கத்தில் வெளியே இருந்த முனையங்கள் மட்டும் 79. அவை 30 உயர்நிலைப் பள்ளிகளிலும் 20 கல்லூரிகள், பல்கலைக்கழகங்களிலும் பரவியிருந்தன. இந்தக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தன் கௌரவத்துக்காக ஒரு சிறிய கணினியை வாங்கிப் பூட்டி வைத்திருந்தால், எல்லாச் செலவையும் கூட்டினாலும் இந்த அளவு பயன்பாடு வந்திருக்காது. கூட்டாக வாங்குவது என்றதும் நம் நிர்வாகிகள் முகம் சுளிப்பதை அறிவேன். பெயர்ப்பலகை யாருடையது என்ற சண்டை உடனே தொடங்கிவிடும்.

புதுப்பித்தல் என்ற பகுதிக்கு இப்போது வரலாம். சின்னக் கல்லூரிகள் அதிகம் தடுமாறுமிடம் இது. டார்ட்மத் முதல் ஆண்டிலேயே 225-ஐ விட்டு வேகமான ஜி.இ.-235-க்கு மாறியது, 1966-67-இல் மிகப் பெரிய ஜி.இ.-635 வந்தது, ஜெனரல் எலக்ட்ரிக் 1970-இல் கணினித் தொழிலை ஹனிவெல்லுக்கு விற்றுவிட்டதால் 1976-இல் ஹனிவெல் 66/40. பன்னிரண்டு ஆண்டில் நான்கு யந்திரங்கள். 635-க்குத் தாவியபோது இயங்குதளத்தையே புதிதாக எழுத வேண்டியிருந்தது. அந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மறுபடியும் மாணவர்களே அதில் பெரும்பங்கு எடுத்தார்கள். உள்ளே இவ்வளவு இடிபாடு நடந்தும், முனையத்தின் முன் உட்கார்ந்தவருக்கு வாசல் மாறவில்லை. அதே ஆணைகள், அதே மொழி. 1964-இல் தாம் எழுதிய நிரல்கள் இன்னும் ஓடுகின்றன என்று 1974-இல் கெமெனி குறிப்பிட்டார். பத்தாண்டுக்கு முந்தைய பாடக்குறிப்பை ஆசிரியர் தூக்கி எறிய வேண்டியதில்லை என்றால் அதன் மதிப்பு எவ்வளவு என்பதை, மென்பொருள் பதிப்பு மாறியதால் மூன்றாண்டுக்கொரு முறை செய்முறைக் கையேட்டைத் திருத்தி எழுதும் எந்த ஆசிரியரும் சொல்வார். இதிலிருந்து புதுப்பித்தலுக்கு இரண்டு அளவுகோல்கள் கிடைக்கின்றன: மாணவர் காத்திருக்கும் நேரம் குறைந்ததா, அவர் ஏற்கனவே கற்றதும் எழுதியதும் செல்லுபடியாகிறதா. செயலியின் வேகம் இந்த இரண்டுக்கும் உதவினால் நல்லது. உதவாவிட்டால் அந்தக் கொள்முதலால் விற்றவருக்கு மட்டுமே லாபம்.

பேசிக் மாணவர்களின் மூளையைக் கெடுத்தது என்று ஒரு பழி உண்டு. டச்சுக் கணினியியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975-இல் மிகக் கடுமையாக அதை எழுதினார். கணினித் துறையில் இன்றும் அதை மேற்கோள் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர் பார்வையில் இருந்தவர் தொழில்முறை நிரலாளர். டார்ட்மத் பார்வையில் இருந்தவர் நிரலெழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாதவர். இரண்டாமவருக்குச் செய்ததை முதலாமவருக்கான அளவுகோலால் அளப்பது நியாயமில்லை. மேலும், 1970-களின் நடுவிலேயே டார்ட்மத் பேசிக் கட்டமைப்பு முறைக்கு நகர்ந்துவிட்டது. பழி விளைந்தது சிறு கணினிகளுக்காகச் சுருக்கப்பட்ட பேசிக் வடிவங்களால்தான். அவற்றைப் பார்த்து மனம் நொந்த கெமெனியும் கர்ட்ஸும் 1985-இல் ட்ரூ பேசிக் என்று தாங்களே ஒரு வடிவத்தை வெளியிட்டார்கள். அது பெரிதாக எடுபடவில்லை.

பாலினம் பற்றிய ஆட்சேபத்தை என்னால் மறுக்க முடியவில்லை. டார்ட்மத் இளங்கலை வகுப்புகளில் பெண்களை முறையாகச் சேர்த்தது 1972-இல், கெமெனி கல்லூரித் தலைவராக இருந்தபோது. அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் எல்லோருக்கும் திறந்த கதவு என்றால், ஆண்களில் எல்லோருக்கும் என்றே பொருள். ஜாய் லிசி ரேங்கின் 2018-இல் வெளியிட்ட அமெரிக்க மக்கள் கணினி வரலாற்று நூலில், அந்த வளாகத்தின் ஆண் தன்மை விளையாட்டுகள் வரை எப்படிக் கணினிப் பண்பாட்டிலும் ஊறியது என்று காட்டுகிறார். யந்திரத்துக்கான நுழைவு விதி எவ்வளவு தாராளமாக இருந்தாலும், கல்லூரிக்கான நுழைவு விதி அதற்கு முன்பே வடிகட்டிவிடுகிறது. என் வாதத்தை இது குறுக்குகிறது, ஆனால் திருப்பிவிடவில்லை. கதவு யாருக்குத் திறக்கிறது என்பதே முதற்கேள்வி என்பதற்கு டார்ட்மத்தின் குறையும் ஒரு சான்றுதான்.

1984-இல் மெக்கின்டாஷ் வந்தபோது டார்ட்மத் அதை மாணவர்களுக்குப் பரிந்துரைத்து, விடுதி அறைகளுக்கெல்லாம் வலையமைப்பு இழுத்தது. தலையணைக்கு ஓர் இணைப்பு என்று அங்கே அதைச் சொன்னார்கள். 1988-இல் கல்லூரியே எழுதிய பிளிட்ஸ்மெயில் என்ற மின்னஞ்சல், தொலைபேசியையே ஓரங்கட்டும் அளவுக்கு வளாக வாழ்க்கையில் கலந்தது. 2001-இல் வளாகம் முழுவதும் கம்பியில்லா இணைப்பு வந்தது. நேரப்பகிர்வின் பழைய கொள்கை அப்படியே வலையமைப்புக்கு மாறியது என்று இதைப் பாராட்டுபவர்கள் உண்டு. பாதி உண்மை. 1991 முதல் புது மாணவர்கள் சொந்தக் கணினி வைத்திருக்க வேண்டும் என்றானது. 1964-இன் விதிப்படி முழுச் செலவும் கல்லூரியின் பொதுக் கணக்கில் இருந்தது. இப்போது அதன் பெரும்பகுதி மாணவர் குடும்பத்தின் கணக்குக்கு மாறியது. உதவித்தொகை இதை எவ்வளவு ஈடுகட்டினாலும் கொள்கை மாறியது மாறியதுதான். நூலகம் வைத்திருந்த கல்லூரி, புத்தகத்தை நீயே வாங்கிக்கொண்டு வா, படிக்க நல்ல மேசை தருகிறேன் என்று சொல்வது போன்ற மாற்றம் இது. இன்று உலகெங்கும் இதுவே வழக்கம் என்பதால் நமக்கு உறுத்துவதில்லை.

ஆளுக்கொரு கணினி வந்தபின் நேரப்பகிர்வுக் காலத்துக் கொள்கைக்கு இனி என்ன வேலை என்று கேட்கலாம். பத்தாண்டுக்கு முன் இந்தக் கேள்விக்கு வலு இருந்தது. இப்போது, பெரிய மொழி மாதிரிகளையும் படப் பகுப்பாய்வையும் ஓட்டக்கூடிய வரைகலைச் செயலிகள் மடிக்கணினியில் அடங்குவதில்லை. அவை மறுபடியும் பெரிய நிறுவனங்களின் கூடங்களில் இருக்கின்றன. மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. கல்லூரி தனக்கென்று ஒன்றிரண்டு வாங்கினால் ஆராய்ச்சி மாணவர்களின் வேலைகள் வரிசையில் நிற்கின்றன. இளங்கலை மாணவருக்கு இடமில்லை. விலை உயர்ந்த யந்திரம், காத்திருக்கும் மனிதன் என்ற 1960-இன் ஏற்பாடு அறுபது ஆண்டு கழித்துத் திரும்பியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்ற பெயரோடு மெக்கார்த்தி முதலானோர் 1956 கோடையில் நடத்திய ஆய்வரங்கு கூடியதும் டார்ட்மத்தில்தான். அந்தத் துறைதான் அதே கல்லூரி உடைத்த வரிசையை இன்று மீண்டும் நிறுத்தியிருக்கிறது.

பேசிக் இந்தியாவுக்கும் வந்தது. நடுவணரசு 1984-இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனத்துப் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. அவற்றில் குடியிருந்தது பேசிக். மொழி வந்தது, அதைப் பெற்ற விதி கூட வரவில்லை. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், என் கணிப்பில், இந்த மண்ணில் டார்ட்மத் விதிக்கு மிக அருகில் வந்த முயற்சி: செலவு பொதுக் கணக்கில், பயன்பாட்டுக்கு விசாரணை கிடையாது, கலைப்பிரிவு மாணவருக்கும் உண்டு. அதில் படம் பார்த்தார்கள் என்று குறை சொன்னவர்கள், கெமெனியின் கால்பந்து விளையாட்டைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. அந்தத் திட்டத்தோடு ஒப்பிட்டால் நம் கல்லூரி ஆய்வகங்கள் இன்னும் துளை அட்டைக் காலத்தில் இருக்கின்றன. கால அட்டவணையில் பெயருள்ள வகுப்புக்கு மட்டும் திறப்பு, பதிவேட்டில் கையெழுத்து, மாலை ஆனதும் பூட்டு. கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் தேசிய அமைப்பான நாக் கேட்டுவந்த மாணவர்-கணினி விகிதம், அறை நாளுக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவி அதற்குள் நுழைய முடியுமா என்பதையும் சொல்லாது. கல்லூரி ஆட்சிக்குழுக்களில் இருப்பவர்கள் அடுத்த கொள்முதல் கோப்பில் கையெழுத்திடும் முன் ஒரு பக்கத் தாள் கேட்டு வாங்க வேண்டும்: யார் நுழையலாம், எந்த நேரத்தில், எவ்வளவு காத்திருக்க நேரும், செலவு யாருடையது, பழைய பாடங்கள் புதிய யந்திரத்தில் ஓடுமா. அந்தத் தாள் வரும்வரை கோப்பை நிறுத்திவைப்பதால் எந்தக் கல்லூரிக்கும் நஷ்டமில்லை.